பப்பின் மூலையில் ஒரு கிட்டார்: ஐரிஷ் செஷனைக் கேட்கத் தொடங்குபவருக்கு

டப்ளின் நகரின் ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் கோபிள்ஸ்டோன் என்று ஒரு பப் உண்டு. 'குடிக்கும் கடைதான், கொஞ்சம் இசைக் கோளாறு உண்டு' என்கிற பொருளில் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் கடை அது. மாலையில் போனால் ஒரு மூலையில் நாலைந்து பேர் சிறிய மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. பாதிப் பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மேசைமேல் பாதி காலியான கண்ணாடிக் குவளைகள், வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டி, யாருடையதோ ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. பேசிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் பேச்சை முடித்தும் முடிக்காமலும் வில்லை எடுத்து இழுப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் சட்டென்று நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும்.

இதற்குத்தான் செஷன் என்று பெயர். முதல்முறை கேட்பவருக்கு எல்லாமே ஒரே வேகத்தில் ஓடும் ஒரே மெட்டாகத் தோன்றும். அரை மணி நேரத்தில் காது களைத்துப்போய், 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதைக் கேட்பது?' என்ற கேள்வி வரும். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: மூலையில் கிட்டார் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மேசைக்குக் கடைசியாக வந்து சேர்ந்த வாத்தியங்களில் ஒன்று அது. பெரும்பாலும் மெட்டை வாசிக்காது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டு அதற்கேற்ப நடப்பதுதான் அதன் வேலை. அதாவது, கேட்பவராகிய நீங்கள் செய்ய வேண்டியதைத்தான் கிட்டார்காரரும் செய்துகொண்டிருக்கிறார்.

பப் என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது ஓர் இருட்டறை. அயர்லாந்தின் ஊர்ப் பப் அப்படிப்பட்டதல்ல. மதியத்தில் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள். அடக்கம் முடிந்து உறவினர்கள் கூடுவதும் பெரும்பாலும் அங்கேதான். 18 வயது நிரம்பாதவர்கள் இரவு 9 மணிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. 2004 மார்ச் 29 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை. குடிக்காதவர் தேநீரோ லெமனேடோ வாங்கிக்கொண்டு கடை மூடும்வரை உட்காரலாம். ஏன் குடிக்கவில்லை என்று எவரும் குறுக்குவிசாரணை செய்ய மாட்டார்கள்.

சமையலறையிலிருந்து பப்புக்கு

பப்பில் உட்கார்ந்து வாசிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். மெட்டுகள் பழையவைதான், பல 18, 19-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் பப்பில் கூடி வாசிக்கும் இந்த வடிவத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

இந்த இசை ஆட்டத்துக்காகப் பிறந்தது. வீட்டுச் சமையலறையிலோ ஊர் நாற்சந்தியிலோ ஒற்றைப் பிடிலோ குழலோ வாசிக்க, ஊரார் ஆடுவார்கள். 1935-ல் வந்த பொது நடன அரங்குச் சட்டம் நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. பாதிரியார்களும் போலீசாரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு ஆட்டங்களைக்கூட விரட்டினார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர். அதற்குப் பின் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போன பெருங்கூட்டம். கட்டட வேலை செய்த அந்த இளைஞர்களின் வாடகை அறையில் கட்டில் போடவே இடம் போதாது. வாசிக்க வேண்டுமென்றால் பப்பை விட்டால் வேறு இடமில்லை. 1940-களின் பிற்பாதியில் கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பகுதிப் பப்களில்தான் இன்றைய செஷன் உருத்திரண்டது என்று இசை வரலாற்றாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஹாலோவே பகுதியில் இருந்த தி ஃபேவரிட் என்ற பப்பில் நடந்த வாசிப்பு அங்கேயே பதிவாகி, 1968-ல் இசைத்தட்டாக வெளிவந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்க் கலையை ஊராரைவிட இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதை ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அயர்லாந்தில் 1951-ல் கோல்தஸ் என்ற இசை அமைப்பு தொடங்கியது. அதே ஆண்டு மலிங்கர் நகரில் அதன் முதல் இசைத் திருவிழா நடந்தது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வந்த வாத்தியக்காரர்கள் போட்டி முடிந்ததும் பக்கத்துப் பப்களில் உட்கார்ந்தார்கள். அங்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டது.

தகிடவா, தகதிமியா?

கிட்டாருக்குப் போகும்முன் மெட்டின் எலும்புக்கூட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. எளிதுதான்.

பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டே பகுதிகள். ஒவ்வொன்றும் 8 ஆவர்த்தம். முதல் பகுதியை இருமுறை வாசித்து, இரண்டாவதையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று. ஆக 32 ஆவர்த்தம். இரண்டாம் பகுதி அநேகமாக மேல் ஸ்தாயியை நோக்கி ஏறும் என்பதால் அது தொடங்கும் இடத்தைக் காது எளிதில் கண்டுகொள்ளும். வழக்கமான வேகத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 35 நொடி. மூன்று சுற்று முடிந்ததும் மூச்சுவிடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்தால் அது ஒரு செட். ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்று சொன்னேனே, அதற்குக் கணக்கு இதுதான்.

மெட்டின் வகையைப் பிரித்தறிய நம்மவர்களுக்குத் தனிப் பயிற்சியே வேண்டாம். காலைத் தட்டிக்கொண்டு மனத்துக்குள் சொற்கட்டு சொல்லிப் பாருங்கள். 'தகிட தகிட' என்று மும்மூன்றாக உருண்டால் அது ஜிக். 'தகதிமி தகதிமி' என்று நான்கு நான்காக ஓடினால் ரீல். 'தகிட தகிட தகிட' என்று மூன்று மும்மைகள் சேர்ந்து ஓர் ஆவர்த்தமானால் ஸ்லிப் ஜிக். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான், இதில் ஒரு மிதப்பு இருக்கும். நான்கு நான்காகவே வந்தாலும் நிதானமாக, சற்று நொண்டினாற்போல் நடந்தால் ஹார்ன்பைப். கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஸ்லீவ் லோக்ரா பகுதிக்காரர்கள் மேசையில் இருந்தால் போல்காக்கள் பறக்கும். சராசரி இரவில் ரீலும் ஜிக்கும்தான் மிகுதி.

இன்னொன்று: எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். பிடில், மரப் புல்லாங்குழல், டின் விசில், கான்செர்டினா, பொத்தான் அக்கார்டியன், பேஞ்சோ, முழங்கையால் துருத்தியை அமுக்கி ஊதும் இல்லன் பைப் என்று எது இருந்தாலும், மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவைப் போல் ஆளுக்கொரு சுரவரிசை கிடையாது. ஒரே கோட்டில் எல்லாரும் ஓட, ஒவ்வொருவரும் தத்தம் பாணியில் சின்னச் சின்ன அசைவுகளைச் சேர்ப்பார்கள். தாளைப் பார்த்து வாசிப்பவர் இல்லை, எல்லாம் மனப்பாடம். நூற்றுக்கணக்கான மெட்டுகளை விரலில் வைத்திருப்பவர்களிடம் 'இப்போது வாசித்தது என்ன?' என்று கேட்டால், பாதி நேரம் உதட்டைப் பிதுக்குவார்கள். பெயர் தெரியாமலே ஒரு மெட்டை முப்பது வருடம் வாசிப்பது அங்கே சாதாரணம்.

கிட்டார் என்ன செய்கிறது?

ஒற்றைக் கோட்டில் ஓடும் இசைக்குக் கிட்டார் எதற்கு? பழையவர்கள் பலர் இதைக் கேட்டார்கள். இன்றும் கேட்பவர்கள் உண்டு. கிட்டார் இந்த உலகத்துக்குள் நுழைந்தது பாட்டின் வழியாக. 1960-களின் தொடக்கத்தில் டப்ளினில் மெரியன் ரோவில் உள்ள ஓ'டானஹூ பப்பில் கதைப்பாடல்கள் பாடத் தொடங்கிய இளைஞர்கள் கையில் கிட்டார் இருந்தது. 1962-ல் அங்கிருந்துதான் தி டப்ளினர்ஸ் குழு புறப்பட்டது. பாடுவதற்குத் துணையாக வந்த வாத்தியம் மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரீல்காரர்களின் மேசையில் உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கிட்டாரின் வழக்கமான சுருதி அமைப்பில் ஒவ்வொரு கார்டும் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) 'இது மேஜர், இது மைனர்' என்று அடித்துச் சொல்லும். ஐரிஷ் மெட்டுகளோ அப்படிப் பிடிகொடுப்பதில்லை. அவற்றில் பல டோரியன், மிக்சலிடியன் என்ற அடுக்குகளில் அமைந்தவை. சுரங்களை வைத்துப் பார்த்தால் முன்னது நம் கரகரப்பிரியா, பின்னது அரிகாம்போதி. சில மெட்டுகள் ஒரே சுற்றுக்குள் இரண்டு பக்கமும் சாயும். மேஜர் அடுக்கான சங்கராபரணத்தையே நினைத்துக்கொண்டு கார்டு பிடிப்பவர் அங்கே கால் இடறுவார்.

விடை வந்த வழி விசித்திரமானது. டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் 1960-களின் தொடக்கத்தில் மொராக்கோவில் இருந்தபோது, ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் அரபுக் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்க வசதியாகத் தன் கிட்டாரின் மூன்று தந்திகளை ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினார் என்பார்கள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை டி, ஏ, டி, ஜி, ஏ, டி. இந்த ஆங்கிலச் சுரப்பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து (DADGAD) 'டாட்காட்' என்றே இன்று எல்லாரும் அழைக்கிறார்கள். இதைக் கர்நாடக இசை வழியில் படித்துப் பாருங்கள். டி-யை சட்ஜமாக வைத்தால் ச, ப, ச, ம, ப, ச. எந்த விரலையும் வைக்காமல் ஆறு தந்தியையும் மீட்டினாலே தம்புராவின் கார்வை வந்துவிடுகிறது. இதில் இல்லாத சுரங்களில் முக்கியமானது எது என்று கவனித்தீர்களா? காந்தாரம். சங்கராபரணமா கரகரப்பிரியாவா என்று முதலில் தீர்ப்புச் சொல்லும் சுரம் அதுதான். அதை விட்டுவிட்டதால் கிட்டார் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க முடிகிறது. தீர்ப்பை மெட்டு வாசிப்பவரே சொல்லிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறது. துணை வாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த அமைப்பை ஐரிஷ் மெட்டுகளுக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் மீஹால் ஓ டோனல். 1975-ல் அவர் வாசித்த தி பாத்தி பேண்ட் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தபோது, ரீலுக்குக் கீழே கிட்டார் எப்படிப் பாய வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கணமே கிடைத்துவிட்டது. வழக்கமான சுருதியிலும், தடித்த தந்தியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டும் பிரமாதமாக வாசிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எனவே டாட்காட் ஒன்றே வழி என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி பப்புக்குள் போவோம். கிட்டார்காரரின் வலது மணிக்கட்டு தெரிகிறாற்போல் ஓர் இடம் பிடியுங்கள். ரீல் ஓடும்போது அந்தக் கை கீழ்-மேல்-கீழ்-மேல் என்று இடைவிடாமல் ஊசல்போல் ஆடும். ஜிக் வந்தால் அசைவு மாறிவிடும்: கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ். அதாவது ஒவ்வொரு தகிடவும் கீழ்நோக்கிய அடியில் தொடங்கி, கீழ்நோக்கிய அடியிலேயே முடியும். இரண்டு கீழடிகள் அடுத்தடுத்து விழும் அந்த இடத்தில் கை ஒரு கணம் தாவி மேலே வர வேண்டியிருக்கும். சத்தமான கடையில் தாளம் காதுக்குப் பிடிபடாவிட்டாலும் அந்தத் தாவலைக் கண்ணால் பார்த்தே 'இது ஜிக்' என்று சொல்லிவிடலாம். புதிதாகக் கற்பவர்கள் ஜிக்கில் சறுக்குவதும் இந்தத் தாவலில்தான்.

அடுத்து, மெட்டு மாறும் கணம். மூன்றாவது சுற்றின் கடைசி ஆவர்த்தங்களில் பிடில்காரர் தலையைத் தூக்குவார், சிலர் 'ஹப்!' என்பார்கள், சிலர் ஒரு புருவத்தை உயர்த்துவதோடு சரி. அடுத்த மெட்டு எது என்று பெரும்பாலும் அறிவிப்பு வராது. நல்ல மனம் இருந்தால் 'ஜி' என்றோ 'ஏ மைனர்' என்றோ அந்த மெட்டின் சுருதி காற்றில் வரும். கிட்டார்காரர் என்ன செய்கிறார் பாருங்கள். வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் சாய்த்துச் சுரத்தை அடக்கிவிட்டு, வெறும் டக் டக் என்ற தாளத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பார். கண்கள் பிடில்காரரின் விரல்மேல். இரண்டு ஆவர்த்தம் போனதும் மெட்டு எங்கே வந்து இறங்குகிறது என்று பிடிபட்டுவிடும். கையைத் தூக்குவார், கீழ்ச்சுரம் தரும் தடித்த தந்தி ஒலிக்கும். ஜி-யில் ஓடிக்கொண்டிருந்த கூட்டம் ஏ-க்குத் தாவிய அந்த இடத்தில் கிட்டாரின் கீழ்ச்சுரம் சரியாக வந்து விழுந்தால், கடையின் மறுகோடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு 'ஆஹா' போடுவார். என்ன நடந்தது என்று அவருக்கு விளக்கத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும்.

தேர்ந்த கை முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாது. முதல் சுற்றில் ஒற்றைச் சுரத்தைக் கார்வையாக வைத்துக்கொண்டு சும்மா கூட வரும். இரண்டாவதில் கார்டுகள் நகரும். மூன்றாவதில்தான் கீழ்த்தந்திகள் இறங்குமுகமாக ஒரு தனி நடை நடக்கும். மெட்டு அதேதான், வாசிப்பவர்களும் அவர்களேதான். ஆனாலும் ஏதோ ஏறிக்கொண்டே போகிற உணர்வு வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு மேசைக்கு ஒரு கிட்டார் என்ற எழுதாத விதியும் இதனால் வந்தது. ஒரே மெட்டின் ஒரே இடத்தில் ஒருவர் ஜி கார்டு நினைப்பார், இன்னொருவர் ஈ மைனர் நினைப்பார். தனித்தனியே இரண்டும் சரி, சேர்ந்தால் சேறு. மெட்டு வாசிப்பவர்கள் பத்துப் பேர் சேரலாம், கார்டு போடுபவர் ஒருவர்தான். ஆட்டுத்தோல் கட்டிய பௌரான் தட்டுபவருக்கும் இதே சட்டம்.

பாட்டு வந்தால்

செட்டுகளுக்கு நடுவே யாராவது ஒருவரைப் பார்த்து 'ஒரு பாட்டு?' என்பார்கள். அவர் சற்று மறுப்பார். மறுப்பதும் சடங்கில் சேர்த்திதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவார். அவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்த கடை அடங்கும். அடங்காதவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் அதட்டுவார்கள். கிட்டார்காரர் தந்திகளை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். துணையில்லாமல் பாடுபவர் தாளத்தையும் நிறுத்தங்களையும் தன் மூச்சின் போக்கில் வைத்துக்கொள்கிறார்; அழைக்காமல் கார்டு போட்டால் அவரைத் தாளக் கட்டுக்குள் தள்ளி அடைத்ததாகிவிடும். பாடகரே திரும்பிப் பார்த்துத் தலையசைத்தால் கிட்டார் மெல்ல உள்ளே வரும். வாத்தியம் வாசிக்கும்போது நீங்கள் தாழ்ந்த குரலில் பேசினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பாடும்போது பேசுவது பெரிய தப்பு.

இங்கிலாந்தில் கதை வேறு

லண்டனிலோ பர்மிங்காமிலோ இருப்பவர்கள் பப்பில் நாட்டார் இசை என்று தேடிப் போனால் இன்னொரு வகையும் எதிர்ப்படும். அதற்கு ஃபோக் கிளப் என்று பெயர். கிட்டார் அங்கே துணை வாத்தியமல்ல, வீட்டுக்காரர். 1956-ல் லானி டோனகன் என்ற பாடகரின் ஸ்கிஃபிள் (எளிய கிட்டார்ப் பாட்டு வகை) பாட்டு ஒன்று நாடெங்கும் பரவி, ஆயிரக்கணக்கான பையன்களை மலிவுக் கிட்டார் வாங்க வைத்தது. அந்த அலை வடிந்த பிறகு மிஞ்சியவர்கள் பப்களின் மாடி அறைகளை வாரத்துக்கு ஒருநாள் எடுத்துக்கொண்டு பழைய பாட்டுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். மார்ட்டின் கார்த்தி, பெர்ட் ஜான்ஷ் போன்ற கிட்டார் கலைஞர்கள் வளர்ந்தது இந்தச் சூழலில். கார்த்தி வாசித்த ஒரு பழம்பாடல் அமைப்பை 1965-ல் லண்டனில் கேட்டு எடுத்துக்கொண்டு போனவர் அமெரிக்கப் பாடகர் பால் சைமன். பிறகு அது உலகம் முழுவதும் ஒலித்தது. அதைப் பற்றி இருவருக்கும் நெடுநாள் மனத்தாங்கலும் இருந்தது.

ஃபோக் கிளப்பில் நாற்காலிகள் ஒரு பக்கம் பார்த்து இருக்கும், நுழைவுக்கு ஒரு சிறு தொகை இருக்கும், இடைவேளையில் ஒரு குலுக்கல் சீட்டும் அநேகமாக இருக்கும். முதலில் உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு, பிறகு அன்றைய விருந்தினர். இங்கே கேட்க வேண்டியது கிட்டார்காரரின் கட்டைவிரலை. அது கீழ்த்தந்திகளில் மாறி மாறி அடித்துத் தாளத்தைத் தாங்கும். மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டைப் பறிக்கும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் கேட்பதன் சூட்சுமம் அவ்வளவுதான்.

சட்டமும் இந்த இசையின் உருவத்தில் கைவைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 வரை, தனி உரிமம் இல்லாத பப்பில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தக்கூடாது. 2012-ன் நேரலை இசைச் சட்டம் காலை 8 முதல் இரவு 11 வரை ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு உரிமமே தேவையில்லை என்று ஆக்கியது. சின்னப் பப்களுக்கு அது பெரிய மூச்சு.

எங்கே உட்காருவது, எப்போது கைதட்டுவது

மேசையை ஒட்டிய காலி நாற்காலி யாருக்கோ வைத்தது, அதில் உட்காராதீர்கள். அதற்கடுத்த வட்டம் உங்களுக்கு. பானத்தை நீங்களே கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். மேசைக்கு வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் தாகத்தோடுதான் வீடு திரும்ப வேண்டும். பெரும்பாலான செஷன்களில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் கடைக்காரர் பணம் கொடுப்பார். இரவு நிச்சயமாக நடக்க வேண்டுமே என்பதற்காக அந்த ஏற்பாடு. மற்றவர்கள் தம் விருப்பத்துக்கு வந்தவர்கள். உங்களுக்குப் பிடித்திருந்தால் மேசையில் இருப்பவர்களுக்கு ஒரு சுற்றுப் பானம் வாங்கிக் கொடுக்கலாம். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அவர்களிலும் குடிக்காதவர்கள் உண்டு.

தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டே கேட்பது வேண்டாம். கூட்டமாகத் தட்டும் கை எப்போதும் சற்றுப் பின்தங்கும். வாசிப்பவர்களுக்கு அது நரகம். செட் முடிந்ததும் தாராளமாகத் தட்டுங்கள். விளம்பரங்களில் கேட்ட பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்பது சுற்றுலாப் பயணியின் அடையாளம், சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்கள். ஃபோனை நீட்டிப் பதிவு செய்யும்முன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

இந்த மூலைகளை ஊரார் எவ்வளவு தம்முடையதாக நினைக்கிறார்கள் என்பதற்கு கோபிள்ஸ்டோன் கதையே சாட்சி. 2021-ல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. மக்கள் வாத்தியங்களோடு தெருவில் இறங்கினார்கள். நவம்பரில் டப்ளின் மாநகராட்சி அனுமதி மறுத்துவிட்டது.

வீட்டில் கிட்டார் இருக்கிறதா?

இருந்தால், முதல் சில வாரங்கள் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அல்லது வீட்டிலேயே இருக்கட்டும். மீஹால் ஓ டோனலும் பிடில் கலைஞர் கெவின் பர்க்கும் 1979-லும் 1982-லும் இருவர் மட்டுமாக வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுகள் எளிதில் கிடைக்கும். வேறு சத்தம் எதுவும் இல்லாததால் கிட்டார் எங்கே ஒதுங்குகிறது, எங்கே உள்ளே வருகிறது என்பது துல்லியமாகக் கேட்கும். ஒரு ஜிக்கை எடுத்து, கார்டுகளை மறந்துவிட்டு, தந்திகளை அடக்கி வைத்தபடி அந்தக் கீழ்-மேல்-கீழ் கை மட்டும் தானாக வரும்வரை பழகுங்கள். பிறகு பப்பில் ஏற்கெனவே ஒரு கிட்டார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம். இல்லையென்றால் ஒரு செட் முடியும் இடைவெளியில் 'சேர்ந்துகொள்ளலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். மெட்டு தெரியாத செட்டில் சும்மா இருப்பது குறையாகாது. அங்கே எல்லாரும் அதைச் செய்கிறார்கள்.

கேட்க மட்டும் போகிறவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. எந்தக் கிழமை செஷன் என்று கடை வாசல் கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். 'ஒன்பது மணி' என்று போட்டிருந்தால் ஒன்பதரைக்கு முன் ஒரு சுரமும் எழாது. ஆனாலும் ஒன்பதுக்கே போய்விடுங்கள்; மணிக்கட்டு தெரியும் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.